நட்சத்திரப் பிரிவுக்கு ஒரு மூஞ்சி

ஜனவரி 3, சனி

இந்த டைரி மோட்டார் கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. அட்டையில் நீர்மூழ்கி மோட்டார் படம். உள்ளே ராகுகாலம், எமகண்டம், எத்தனை குதிரைத்திறனுக்கு எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்ற அட்டவணை. பீளமேட்டில் பம்புசெட் கடை வைத்திருக்கும் பூபதிக்கு இதெல்லாம் மனப்பாடம் என்பதால் டைரி எனக்கு வந்துவிட்டது. நேரில் அவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவேன். இங்கே பேர் சொல்லலாம், கேட்க ஆளில்லை.

எழுதச் சொன்னது பயிற்சி மையத்து பிருந்தா மிஸ். "பொண்ணோட முன்னேற்றத்த அப்பப்ப எழுதி வைங்க கோகிலவாணி. சீட்டு கெடச்சதும் படிச்சுப் பாத்தா கண்ணுல தண்ணி வரும்" என்றார். தண்ணி வரவைப்பதில் எங்கள் குடும்பத்துக்கு அனுபவம் உண்டு.

விஷயம் இதுதான். நவதாரா பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு 'நட்சத்திரப் பிரிவு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அபார மூளை உள்ள பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துத் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். மிச்சப் பேரெல்லாம் பொதுப் பிரிவு. பொதுக் கழிப்பிடம் என்கிற மாதிரியே இருக்கிறது கேட்க. பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி தேர்வு. ஒரே ஒரு தடவைதான் உட்காரலாம். என் மகள் மிருதுளாவுக்கு இன்னும் ஆறு வயது முடியவில்லை.

மேல்வீட்டு ஷர்மிளாவின் மகன் ரித்விக் போன வருடம் நட்சத்திரமாகிவிட்டான். அன்று முதல் அவள் லிஃப்ட் பொத்தானைக்கூட வீணை மீட்டுகிற மாதிரி அமுக்குகிறாள்.

எனக்குப் பொறாமை கிடையாது. இதை எழுதியே வைக்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

முதல் பயிற்சி. தேர்வில் எழுத்து, வாய்ப்பாடு எதுவும் கிடையாது. எல்லாம் பட அட்டை. மேலே முக்கோணம், வட்டம், முக்கோணம், வட்டம் என்று போகும். அடுத்து என்ன வரும் என்று கீழே நான்கு அட்டை. பிள்ளை சரியான அட்டையைத் தொட வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நினைத்து நானே ஒன்றில் தடுமாறினேன். அது அட்டை அச்சுக் கோளாறு.

மிரு எல்லாவற்றையும் சரியாகத் தொட்டாள். எல்லாவற்றையும்! விரலை ஒவ்வொரு அட்டைக்கு மேலும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போகிறாள், பூனையைத் தடவுகிற மாதிரி. கண் முழுக்க என்மேல்தான். அம்மாவை அப்படி ஆசையாகப் பார்த்துக்கொண்டே சரியான அட்டையில் டக்கென்று விரலை வைக்கிறாள்.

என் ரத்தமாக்கும். கல்லூரியில் நான் தங்க மெடல். இப்போது பம்புசெட் கடைக்கு ஜிஎஸ்டி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

ஜனவரி 11, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் போனோம். கீரைக்காரம்மா கட்டு விலையைக் குறைக்கவே மாட்டேன் என்று நின்றார். நான் நகர்ந்தேன். மிரு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ம்மா, இன்னொருக்கா கேளு. குடுத்துருவாங்க."

கேட்டேன். கொடுத்துவிட்டார். "இந்தப் புள்ள லேசுப்பட்டதில்லைங்" என்று திட்டிக்கொண்டே ஒரு கொத்து கொத்தமல்லியையும் திணித்தார். வரும் வழியில் மிருவுக்கு ஒரு அதட்டு போட்டேன். பேரம் பேசுகிற புத்தியெல்லாம் அப்பன் வீட்டுச் சொத்து. மூளையை இப்படி வீணாக்கக் கூடாது.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கலுக்கு நாத்தனார் வீடு. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் ஒத்தையா ரெட்டையா ஆடினார்கள். கைக்குள் புளியங்கொட்டையை மூடி நீட்டுவது, எதிராளி ஒற்றையா இரட்டையா என்று சொல்வது. மிரு ஒருத்தரையும் விடவில்லை. "ஒத்தையா, ரெட்டையா?" என்று அவளே திருப்பிக் கேட்பாள், ஆளின் மூஞ்சியையே பார்ப்பாள், அப்புறம் சொல்வாள். எல்லாம் சரி. நாத்தனார் வீட்டுக்காரர் பேங்க் மேனேஜர். அவர் கொட்டையெல்லாம் காலியானதும் "தூக்கமா வருது" என்று எழுந்து போய்விட்டார்.

"இவ உங்க வீட்டுப் புள்ளயா, மலையாள மாந்திரீகம் எதுனா படிச்சாளா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள்.

"இதெல்லாம் பரிட்சையில வராதுங்க" என்றேன். நேரம்தான் வீண். அட்டைகளைக் கொண்டுபோகாதது என் தப்பு.

ஜனவரி 22, வியாழன்

இன்று நாசமாய்ப் போன நாள்.

சாயங்காலம் மூஞ்சிக்குப் பயத்தமாவும் தயிரும் பூசிக்கொண்டு, அது காய்கிற நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அட்டைகளை விரித்தேன். மாவு இறுகி எனக்கு வாயைக்கூடத் திறக்க முடியவில்லை. கையாலேயே சைகை காட்டினேன். மிரு விரலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குக் கொண்டுபோனாள். திரும்ப வந்தாள். திரும்பப் போனாள். கடைசியில் எதையோ தொட்டாள், தப்பு. அடுத்ததும் தப்பு. நேற்று தூக்கத்தில்கூடச் செய்திருப்பாள், அந்தப் படம்கூடத் தப்பு.

"ம்மா, மூஞ்சியக் கழுவிட்டு வர்றியா?" என்றாள்.

மாவு விரிசல் விடுகிற அளவுக்குக் கத்தினேன். நேற்றுத்தான் ஷர்மிளா வந்து "அட, எல்லாம் சரியாப் போடறாளா? பரவால்லியே!" என்று மூக்கில் விரலை வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கண்ணுக்கு எருமை மாடே சுருண்டு விழும். உப்பு, மிளகாய், தெருமண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். அந்த நெடிக்குத் தும்மி மிருவின் மூக்கு சிவந்துபோனது.

ஜனவரி 23, வெள்ளி

திருஷ்டி கழிந்தது. இன்று முழுக்கச் சரி. மிளகாய் நெடி வந்தால் திருஷ்டியே கிடையாதாம், நேற்று வந்ததே என்று பூபதி கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

ஜனவரி 29, வியாழன்

பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு. பிருந்தா மிஸ்ஸே எதிரில் உட்கார்ந்து வைத்தார். அந்த அம்மா பாட்டுக் கச்சேரிக்கு வந்த மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். மிருவுக்கு முழு மதிப்பெண். "இவளுக்குச் சீட்டு எழுதியே வெச்சாச்சுங்க" என்றார் மிஸ். வெளியே காத்திருந்த மற்ற அம்மாக்களின் பார்வை முதுகில் சுட்டது. சுகமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பூபதியை ஜிலேபி வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"கோகி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. அவ அட்டையப் பாக்கறதே இல்ல. உன்னையத்தான் பாத்துட்டு இருக்கறா."

"பெத்தவளப் பாக்காம பக்கத்து வீட்டுக்காரியவா பாப்பா?"

"அதுக்கில்ல. போன ஞாயித்துக்கெழம நான் சொல்லிக்குடுத்தேன்ல? எல்லாம் தப்பாவே போட்டா."

"நீங்க டிவியில கிரிக்கெட் பாத்துட்டே சொல்லிக்குடுத்தீங்க. வெளங்குமா?"

ஜிலேபியை மட்டும் தின்றார். அவருக்கு மகள் புத்திசாலி என்பது அப்பன் என்கிற முறையில் ஜீரணமாகவில்லை. தன்னைப் போலத் தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் விற்றுக்கொண்டு இருந்தால் போதும் என்று நினைக்கிறார். நான் அப்படி விடமாட்டேன். மூளை இருந்தும் ஒரு மூலையில் உட்கார்ந்து பில் போடுவது என்றால் என்னவென்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 4, புதன்

மிருவுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். வெட்ட ஒன்றுமே இல்லை, எல்லாம் கடித்தே தீர்த்திருக்கிறாள். கால்சியம் குறைவாக இருக்கும். ராகிக் களி கிண்டினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரு வேடிக்கை. சமையல்கட்டில் இருந்தேன். கூடத்தில் மிரு அப்பாவுக்குப் போன் போட்டுக் குசுகுசுவென்று பேசுகிறாள்.

"அப்பா, இப்ப வராதீங்க. அம்மா மூஞ்சி சரியில்ல. நான் சொல்றப்ப வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போன். "இப்ப வரலாம்." அவரும் மல்லிகைப்பூவோடு வந்து நிற்கிறார்! இத்தனை நாளும் எப்போது வரலாம் என்று அவருக்கே தெரிகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை என்றால் அப்பாமேல் பாசம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கு மூஞ்சி எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

தேர்வு அன்றைக்கே பெற்றோருக்கும் நேர்காணலாம். அதற்கும் பிருந்தா மிஸ் பயிற்சி தருகிறார். 'குழந்தையை எப்படித் தயார் செய்தீர்கள்?' என்று கேட்பார்கள். 'நாங்கள் எதுவுமே செய்யவில்லை, அவளே ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறாள், வீட்டில் பிரஷரே கிடையாது' என்று சொல்ல வேண்டும். இதை இயல்பாகச் சொல்ல மூன்று வகுப்பு.

பூபதிக்கு வரவேயில்லை. "பிரஷர் இல்லாம தண்ணி எப்பிடி ஏறும்?" என்று கேட்டு மற்ற அப்பாக்களைச் சிரிக்க வைத்துவிட்டார். மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பூபதியின் தொடையில் கிள்ளினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாளைக்கு. மஞ்சள் கவுன் இஸ்திரி போட்டாச்சு. மிரு ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள். பரவாயில்லை, வயிறு லேசாக இருந்தால்தான் மூளை ஓடும்.

"ம்மா, அங்க நீ பக்கத்துல இருப்பியா?"

"இருக்க மாட்டேன் கண்ணு. ஒரு டீச்சர் இருப்பாங்க."

"பிருந்தா மிஸ் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி

என்ன எழுத? நடந்ததை எழுதுகிறேன்.

பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தோம், நல்ல வட்டமாக உடைந்தது. பள்ளியில் எங்களை ஒரு அறையிலும் மிருவை இன்னொரு அறையிலும் விட்டார்கள். எங்கள் அறையில் ஆலோசகர் அம்மா ஒருவர். வெள்ளை முடி, கதர்ச் சேலை. கேட்கிறதைச் சிரித்துக்கொண்டே கேட்டார். எப்படித் தயார் செய்தீர்கள் என்றார். நான் கண்ணை இமைக்காமல் ஒப்பித்தேன்: எதுவுமே செய்யவில்லை, அவளே ஆர்வமாக. பூபதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஒரு இளம் டீச்சர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். ஆலோசகர் அம்மா எழுந்து போய்விட்டு வந்தார். இந்தத் தடவை உட்காரும்போது நாற்காலியைக் கொஞ்சம் எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு எந்த அட்டையையும் தொடல" என்றார்.

"ஒண்ணக்கூடவா?"

"ஒண்ணக்கூட. இங்க ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். டீச்சர் குழந்தைக்கு எதிர்ல உக்கார மாட்டாங்க, பின்னால உக்காருவாங்க. எதிர்ல இருந்தா நம்ம மூஞ்சி நமக்கே தெரியாம எதாச்சும் காட்டிக் குடுத்துரும். மிருதுளா ஒவ்வொரு அட்டைக்கும் திரும்பித் திரும்பி டீச்சர் மூஞ்சியப் பாத்தா. முன்னால பாருமான்னாங்க. அப்புறம் ரெண்டு கையையும் மடியில வெச்சுட்டு அப்பிடியே உக்காந்துட்டா. அழுகல. எதுவுமே செய்யல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. காய்ச்சல் என்றேன் போல. நேற்று சாப்பிடவில்லை என்றேன். இன்னொரு வாய்ப்பு கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். பூபதி என் முழங்கையைப் பிடித்தார்.

"கடைசியில ஒரே ஒரு வார்த்த பேசியிருக்கா" என்றார் ஆலோசகர் அம்மா. "எந்திரிச்சு வெளிய வர்றப்ப டீச்சரப் பாத்து, 'மிஸ், உங்களுக்கு வீட்டுக்குப் போகணுமா?'ன்னு கேட்டிருக்கா. அவங்க கைக்குழந்தைக்குக் காலையில இருந்து காய்ச்சல். எங்க யாருக்கும் தெரியாது. அவங்க சொல்லவும் இல்ல."

இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், என்ன செய்ய. அந்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்தார். "அந்தப் பாடத்துக்கு எங்ககிட்ட வகுப்பு இல்லைங்க" என்றார். "வீட்டுல யார் மூஞ்சியப் பாத்து இப்பிடிப் பழகினான்னு மட்டும் கொஞ்சம் ரோசன பண்ணிப் பாருங்க."

வண்டியில் மிரு என் மடியில் உட்காரவில்லை. அப்பாவுக்கு முன்னால் டேங்கில் உட்கார்ந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். கிரைண்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

பள்ளியிலிருந்து செய்தி வந்தது. பொதுப் பிரிவு. ஷர்மிளா லிஃப்டில் "அடடா" என்றாள். அந்த 'அடடா'வில் நெய் ஒழுகியது.

சாயங்காலம் மிருவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திட்டவில்லை. அட்டைகளை விரித்தேன். அவள் உடனே விரலை நீட்டி என்னைப் பார்த்தாள். அட்டையைப் பார்க்கவில்லை. அட்டையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக இது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது!

"கண்ணு, வீட்டுல மட்டும் எப்பிடி எல்லாம் சரியாப் போட்ட?"

கேட்டதும் அவளுக்கு ஒரே உற்சாகம். ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை போல.

"தப்பு அட்ட மேல கை வந்துச்சுன்னா நீ மூச்சு விடமாட்டம்மா. சரியான அட்டைன்னா மூக்கு இப்பிடி விரியும்." விரித்துக் காட்டினாள். ஐயோ, அது என் மூக்கேதான். "பிருந்தா மிஸ்ஸுக்குச் சரியான அட்ட வந்துச்சுன்னா ஆடற தல நிக்கும். பேங்க் மாமாவுக்கு ஒத்தைன்னா கண்ணு சுருங்கும். கீரைக்கார அம்மா குடுக்கப் போறாங்கன்னா மொதல்லயே பையப் பாப்பாங்க."

அப்புறம் என் மூஞ்சிகளை வரிசையாகச் செய்து காட்ட ஆரம்பித்தாள். அப்பா பொய் சொல்வது தெரிந்த மூஞ்சி. ஷர்மிளா ஆன்ட்டி வந்தால் சிரிக்கிற மூஞ்சி, அதில் வாய் மட்டும் சிரிக்கும், கண் முறைக்கும். பில் போடுகிறபோது வருகிற மூஞ்சி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடை அடைத்துவிட்டு வந்த பூபதி வாசலிலேயே நின்று, "அந்தப் பொய் மூஞ்சி, அதேதான்!" என்று கைதட்டினார்.

"நான் தப்பாப் போட்டா எந்த மூஞ்சி?" என்று கேட்டேன்.

மிரு செய்து காட்டவில்லை. "அது வேண்டாம்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் குழந்தைக்கு முக்கோணமும் வட்டமும் தெரியாமலா இருக்கும்? அதைப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை. அந்த ஒரு மூஞ்சி வந்துவிடக் கூடாதே என்று என்னைக் காவல் காப்பதிலேயே பொழுது போயிருக்கிறது. நகம் தின்றது கால்சியம் இல்லாமல் அல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிரு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உற்று உற்றுப் பார்த்தாள்.

"ம்மா, இந்த மூஞ்சி எனக்குத் தெரியாதே. இது சரியா, தப்பா?"

மார்ச் 1, ஞாயிறு

அட்டைகளை பிருந்தா மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த டைரியையும் படித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணி வரும் என்று சொன்னாரே, வந்தது. அந்த மட்டுக்கும் நல்ல மையம்தான்.

மத்தியானம் புளி உடைத்தேன். கொட்டைகளை எடுத்துக்கொண்டு மிருவைக் கூப்பிட்டேன். மூடின கையை நீட்டி "ஒத்தையா, ரெட்டையா?" என்றேன். உள்ளே இருந்தது ஒற்றை. அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெட்ட" என்றாள். "அய், அம்மா ஜெயிச்சாச்சு!"

மறுபடி நீட்டினேன். மறுபடி தோற்றாள். பேங்க் மேனேஜரை மொட்டையடித்த பெண் எனக்கு விட்டுக்கொடுக்கிறாள்! பாவம், அம்மா இந்த வாரமெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறாளே, ஜெயித்தால் சரியாகிவிடுவாள் என்று கணக்கு.

கொடியில் பூபதியின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை துவைத்தாலும் கிரீஸ் வாடை போகாத துண்டு. அதை எடுத்து என் தலையோடு மூஞ்சியையும் சேர்த்து மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

"இப்பச் சொல்லு."

"ம்மா, தெரியலயே."

"எனக்கும்தான் உன்னத் தெரியல. சும்மா எதயாச்சும் சொல்லு."

துண்டுக்குள் எனக்குப் புழுக்கம், கிரீஸ் நாற்றம். அப்புறம் சின்னக் குரலில், "ஒத்த?"

கையை விரித்தேன்.

"ரெட்ட!" என்று கத்தினாள். "தப்பு! ம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்! இன்னொருக்கா, இன்னொருக்கா! துண்ட எடுக்காத!"

தப்பாகச் சொல்லிச் சொல்லி, குதித்துக் குதித்து, கூடமெல்லாம் கொட்டையை இறைத்தாள். கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் ஆட்டம் ஓயவில்லை.

அத்தனை நேரமும் துண்டுக்குள் என் மூஞ்சி எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இந்த டைரியிலும் எழுதப்போவதில்லை.